வெண்ணந்தூர் மாலுமி

எனக்கு நீச்சல் தெரியாது. வெண்ணந்தூர் ஏரி நிறைந்து வழிந்த வருஷங்களில்கூட மதகுப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. பரிசலில் ஏறச் சொன்னால் அன்றைக்கென்று எனக்கு வயிறு சரியிருக்காது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊர் எங்களுடையது. தறிப்பட்டறையில் கூலிக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. இவ்வளவு தகுதிகளையும் வைத்துக்கொண்டு, கடலோடிகளின் நாள்காட்டிப்படி வாழ்ந்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

நோய் தொற்றியது ஒரு படத்திலிருந்து. ஈரானின் தெற்குக் கரையில் ஓடுகிற மரக்கலங்களுக்கு லெஞ்ச் என்று பெயர். அவற்றைக் கட்டுகிற, ஓட்டுகிற கலையை 2011இல் யுனெஸ்கோ, உடனே காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அந்த லெஞ்ச் ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த மாலுமிகள் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். காற்றின் பெயரோடு தண்ணீரின் நிறத்தையும் அலையின் உயரத்தையும் சேர்த்துப் பார்த்து, வரப்போகிற வானிலையைச் சொன்னார்கள். நான் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு, நனைந்தபடி பட்டறைக்குப் போகிற ஆள். எனக்கு அவர்கள் மேல் பொறாமை வந்ததில் என்ன ஆச்சரியம்?

அதைவிட என்னைப் பிடித்து ஆட்டியது அவர்களுடைய புத்தாண்டு. ஈரான் முழுவதும் நவ்ரூஸ் மார்ச் மாதம் வருகிறது. கேஷ்ம் தீவில் சலக் என்கிற மீனவ ஊரில், அது போதாதென்று, கடல்காரர்களுக்குத் தனியாக இன்னொரு நவ்ரூஸ். ஜூலை மாதக் கடைசி வாக்கில் வரும். அன்றைக்கு ஒருவரும் வலை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகமாட்டார்கள், மீனும் சாப்பிடமாட்டார்கள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அன்றைக்காவது விட்டுவைப்போம் என்பது கணக்கு. ஊரே கடலில் இறங்கிக் குளிக்கும். ஆடு மாடுகளையும் ஓட்டிவந்து குளிப்பாட்டுவார்கள். அந்தத் தீவுகளில் கிடைக்கிற செம்மண்ணைக் குழைத்து வீட்டுக் கதவுகளிலும் கால்நடைகளின் நெற்றியிலும் பூசுவார்கள். பாட்டு, கொட்டு, வேடம் எல்லாம் உண்டு.

படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் எடுத்துவிட்டேன். எதிர்வீட்டு மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வருசப் பொறப்பன்னிக்கு மீன் திங்கமாட்டாங்களா? அப்ப நம்ம ஊட்ல தெனமும் வருசப் பொறப்புதான் போ" என்றார். செம்மண் விஷயத்துக்கும் யாரும் அசரவில்லை. மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பதைச் சொல்ல ஈரான் வரைக்கும் போகணுமா, தை மாசம் வந்தா இங்கேயே பார்க்கலாமே என்றார்கள். சபை என் பக்கம் இல்லை என்று தெரிந்தால் அறிவாளி என்ன செய்வான்? பெரியதாக ஒரு கொள்கையைக் கட்டுவான். நானும் கட்டினேன்.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்துக்காரர்களுக்கு ஆடி ஒன்று என்றால் தேங்காய் சுடுகிற நாள். தேங்காயைத் தரையில் உரசி நாரெல்லாம் போக்கி வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, வெல்லம், பொட்டுக்கடலை, எள்ளு, அவல், பாசிப்பருப்பு எல்லாம் உள்ளே போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியால் கண்ணை அடைத்து, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டி வாட்டுவோம். வெந்ததைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்போம். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, போர் தொடங்குவதற்கு முன் வேண்டிக்கொண்டு படைத்தது இது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த வருஷம் தேங்காயைத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டே தெருப் பையன்களுக்கு என் கொள்கையை விளக்கினேன். பழைய பாரசீகக் கணக்குப்படி வருஷத்துக்குச் சரியாக 365 நாள். நம்முடைய பிப்ரவரி 29 போல ஒட்டுநாள் எதுவும் கிடையாது. அந்தக் கணக்கை இன்றும் விடாமல் வைத்திருக்கிற பார்சிகளில் கதீமி என்றொரு பிரிவினர் உண்டு. அவர்களுக்குப் புத்தாண்டு இப்போது ஜூலை நடுவில் வருகிறது. நமக்கு ஆடி பிறப்பதும் ஜூலை நடுவில். மும்பைக் கோலி மீனவர்கள் ஆவணிப் பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுத்தான் படகு இறக்குகிறார்கள். ஆக, பாரசீக வளைகுடாவிலிருந்து கிளம்பிய கடல் புத்தாண்டு மும்பையில் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, மலபாரில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்து, ராசிபுரம் ரோட்டில் திரும்பி வெண்ணந்தூருக்கு வந்துவிட்டது! இதைச் சொல்லிக் கையைத் தூக்கிய நேரத்தில் என் தேங்காய் டப்பென்று வெடித்தது. வெல்லத்தை அளவுக்கு மேல் திணித்திருந்தேனாம். பையன்களுடைய தேங்காய்கள் ஒழுங்காக வெந்தன.

வெடித்தது தேங்காய் மட்டும்தான் என்று நினைத்து, அன்றிரவே கொள்கையைக் கட்டுரையாக எழுதினேன். கோயில் விழா மலருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. படியெடுக்க உதவியாக இருக்கட்டும் என்று பிளஸ் டூ படிக்கிற என் தம்பி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ரெண்டாவது பக்கத்தில் அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"பெரியப்பா, ஒட்டுநாள் இல்லைன்னா நாலு வருசத்துக்கு ஒரு நாள் முன்னால நகருமே?"

"ஆமா. அதனால?"

"அப்ப நூறு வருசத்துக்கு முன்னால இது ஆகஸ்ட்டுல்ல வந்திருக்கும்?"

நான் பேசவில்லை. அவள் விடவில்லை. கடைசி சாசானிய அரசர் மூன்றாம் யஸ்தகிர்த் பட்டத்துக்கு வந்த 632இல் அந்தப் புத்தாண்டு ஜூன் நடுவில். அங்கிருந்து பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, ராஜராஜ சோழன் காலத்தில் மார்ச். 1490 வாக்கில் நவம்பர் நடு. இப்போது ஊரெல்லாம் சுற்றி ஜூலைக்கு வந்திருக்கிறது. நாங்கள் தேங்காய் சுடுகிற நாளுக்குப் பக்கத்தில் இந்தத் தலைமுறையில் வந்து நிற்கிறது, அடுத்த தலைமுறையில் விலகிப்போய்விடும். என் குறிப்பேட்டில் இருந்த ஆண்டுகளை வைத்தே பத்து நிமிஷத்தில் இதையெல்லாம் போட்டுக் காட்டினாள். பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க பெரியப்பா" என்றாள். அதுதான் ரொம்பச் சுட்டது.

அந்த 1490 எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ராஸ் அல் கைமா பக்கத்து ஜுல்ஃபார்க்காரரான அகமது இப்னு மாஜித், கடலோட்டக் கலை பற்றிய தம் பெரிய நூலை எழுதியது அந்தச் சமயத்தில். அதை ஜி. ஆர். டிபெட்ஸ் ஆங்கிலத்தில் ஆக்கி 1971இல் வெளியிட்டார். நான் அதை முழுதாகப் படித்ததாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். படித்தது கொஞ்சம், புரட்டியது மிச்சம். புரட்டியதில் புரிந்தவரை சொன்னால், அந்த மாலுமிகளின் கணக்கில் மாதமே கிடையாது. நைரூஸ் என்று ஒரு முதல் நாள், அந்த 365 நாள் பாரசீகக் கணக்கின் புத்தாண்டேதான். அதிலிருந்து பத்து, இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டே போவார்கள். இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன துறைமுகத்துக்கு நைரூஸ் இத்தனையாவது நாளுக்கு முன் கிளம்பிவிடு, பிந்தினால் காற்று மாறிவிடும், அவ்வளவுதான் பஞ்சாங்கம்.

முஸ்லிம் மாலுமிகள் ஏன் பாரசீகக் கணக்கை வைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. ஹிஜ்ரி ஆண்டு நிலாவைப் பார்த்து நடப்பது. வருஷத்துக்குப் பதினொரு நாள் முன்னால் போய்விடும். நாகூர் கந்தூரி ஒரு சமயம் மழையில் வரும், ஒரு சமயம் வெயிலில் வரும் அல்லவா, அதுதான் காரணம். கொடியேற்றத்துக்கு அது போதும், காற்றுக்குப் போதாது. காற்று சூரியனுக்குக் கட்டுப்பட்டது. 365 நாள் கணக்கும் தப்புக் கணக்குதான். ஆனால் நாற்பது வருஷம் கப்பல் ஓட்டுகிற ஒருவனுக்கு அவன் ஆயுசில் பத்து நாள்தான் பிசகும். அந்தப் பத்து நாளை அவன் பட்டறிவால் சரிசெய்துகொள்வான். சிவகாசியில் அச்சடித்த காலண்டர் ஒரு விநாடி பிசகாமல் ராகுகாலம் சொல்கிறது, அதை வைத்துக்கொண்டு என்னால் ஒரு தடவைகூட நேரத்துக்கு பஸ் பிடிக்க முடிந்ததில்லை.

அவர்களுடைய வருஷத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் கடல் மூடிக்கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கிற அந்த நாட்களில் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குள் பாய்மரக் கப்பல் நுழைய முடியாது. கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வீட்டில் இருப்பார்கள். அந்தக் காற்றேதான் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து கொங்குச் சமவெளி முழுக்க வீசுகிறது. ஆடியில் எங்கள் பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிற கைத்தறிக்காரர்களைக் கேளுங்கள், அந்தக் காற்றைப் பற்றி அச்சிட முடியாத சொற்களில் விளக்குவார்கள். இழை இழையாக அறுந்து போகும். எங்களுக்கும் கடலுக்கும் இருக்கிற உண்மையான உறவு இது ஒன்றுதான். இது என் மூக்குக்கு முன்னால் வீசிக்கொண்டிருந்தபோது நான் தேங்காய்க்கு வழித்தடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொள்கை போனால் போகட்டும், கணக்கையாவது நடத்திப் பார்க்கலாம் என்று அடுத்து இறங்கினேன். ஆடிப் பதினெட்டை என் நைரூஸாக வைத்துக்கொண்டேன். பட்டறைச் சுவரில், மின்பெட்டிக்குப் பக்கத்தில், நாளுக்கு ஒரு சாக்பீஸ் கோடு. பத்துக் கோட்டுக்கு ஒரு வரிசை. தறிக்காரர்கள் முதலில் அதை யாரோ வைத்த சூனியம் என்று நினைத்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, கோடு போட யார் போவது? திங்களன்று ரெண்டாகப் போட்டேன். சில திங்களில் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொன்றும் போட்டேன். இந்த ரீதியில் போனால் என் கப்பல் புயலுக்குள் நேராகப் போய் நிற்கும் என்று தெரிந்தது. நல்லவேளையாக ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரரின் அம்மா சுண்ணாம்பு வாளியோடு ஆள் வைத்து எல்லாச் சுவரையும் வெள்ளையடித்துவிட்டார்.

சுவர் போனபின் கணக்கைக் கூலி நோட்டுக்கு மாற்றினேன். இதுதான் செய்திருக்கக் கூடாதது. ஒரு சனிக்கிழமை கூலி எழுதும்போது தேதி இருக்க வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் 'எண்பதாம் நாள்' என்று எழுதிவிட்டேன். அந்த வரியில் பேர் இருந்த தறிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். தான் வேலைக்கு வராத நாளையெல்லாம் முதலாளி ரகசியமாகக் கூட்டி வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "எம்பது நாளு நான் எங்கீங்க போனேன்? பொண்ணு சீருக்குப் போன ரெண்டு நாளுதானே!" என்று பட்டறையே அதிர்ந்தது. நான் நைரூஸை விளக்கப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது, கேட்ட பாதியும் நிலைமையை மோசமாக்கியது. பட்டறைக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கணக்குப்புள்ள, இது தறி ஓடற எடம். கப்பல் ஓடற எடமில்ல." அந்த வரியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

வளைகுடாவின் அரபுக் கரையில் நைரூஸ் கணக்குக்கு அண்ணன் தம்பியாக இன்னொரு கணக்கு உண்டு. சுஹைல் என்கிற நட்சத்திரம் விடியற்காலையில் முதலில் தெரிகிற நாளிலிருந்து எண்ணுவார்கள். அமீரகத்தில் அது ஆகஸ்ட் 24 வாக்கில். அங்கிருந்து பத்துப் பத்தாக முப்பத்தாறு பத்து, மீந்த நாட்கள் தனி. கோடை முறிந்தது, இனி காற்று தணியும், வெளியே கிளம்பலாம் என்பதற்கு அந்த நட்சத்திரம்தான் அடையாளம். சுஹைல் வேறு யாருமல்ல, நம் அகத்திய நட்சத்திரம். வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் அகத்தியர் உதிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். கலங்கிய தண்ணீர் அப்போது தெளியும் என்பது பழைய நம்பிக்கை.

சுவரும் நோட்டும் வேண்டாம், வானத்தையே பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த ஆடி முடிந்த கையோடு முடிவு செய்தேன். அங்கே ஆகஸ்ட் 24 என்றால் நாம் தள்ளி இருக்கிறோம், நமக்கு இன்னும் பிந்தி செப்டம்பரில் வரும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். நேர் தலைகீழ். அது தெற்கு வானத்து நட்சத்திரம். தெற்கே போகப் போக முன்னாலேயே தெரியும். வெண்ணந்தூருக்கு அது ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கீழ்வானத்தில் தலைகாட்டத் தொடங்கிவிடும், மேகம் விட்டால். அகத்தியர் வந்து ஒரு மாசமான பிறகு அவரை வரவேற்கப் போனவன் நான்.

அதுகூடப் பரவாயில்லை. விடியற்காலை நாலரைக்கு மொட்டை மாடியில் ஏறி, தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே அசையாமல் நின்ற வெள்ளை ஒளியைக் கண்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்காரியை எழுப்பினேன். எதிர்வீட்டு மாமாவையும் கூப்பிட்டேன். குறுமுனி, பொதிகை, காவிரி என்று நான் ஒரு சொற்பொழிவே செய்து முடிக்கிற வரை ரெண்டு பேரும் கேட்டார்கள். நான் கும்பிட்டதால் மாமாவும் கும்பிட்டார். வீட்டுக்காரி மட்டும் கும்பிடாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, அது மேட்டுக் கோழிப்பண்ணை லைட்டுங்க" என்றாள். முட்டைக்கோழிக்கு வெளிச்சம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறதோ அதற்கேற்பத்தான் முட்டை. அதனால் விடிவதற்கு வெகுமுன்பே பல்பைப் போட்டுவிடுவார்கள். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. அசல் அகத்தியர் பல்புக்கு நேர் மேலே இருந்தாரா, பக்கத்தில் இருந்தாரா என்று பார்ப்பதற்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். மாமா ரொம்ப நாளைக்கு என்னைப் பார்த்தால் முட்டை விலை கேட்டார்.

அசல் நட்சத்திரத்தை எனக்குக் காட்டியவர், கூலி நோட்டு விஷயத்தில் என்னோடு சண்டை போட்ட அந்தத் தறிக்காரரே. மார்கழியில் ஒரு ராத்திரி கணக்கு முடியாமல் பட்டறையில் இருந்தேன். டீ குடிக்க வெளியே வந்தபோது கேட்டார், "எதையோ தேடி மாடி ஏறுனீங்களாமே, அது இதுங்களா?" நேர் தெற்கே, தென்னைக்கு மேலே, சிமிட்டலே அதிகம் இல்லாமல் பளீரென்று இருந்தது. நைட் ஷிப்ட் பார்க்கிற ஆட்களுக்கெல்லாம் அதைத் தெரியுமாம். மார்கழி மத்தியில் அது நேர் தெக்க வந்தால் பாதி ராத்திரி, டீக்கு நேரம். தை மத்தியில் பத்து மணிக்கே வந்துவிடும், அப்போது அதை நம்பி டீக்குப் போனால் முதலாளி திட்டுவார். "மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னால வரும்ங்க, அது அதோட பழக்கம்" என்றார். பேர் என்ன என்று கேட்டேன். பேரெல்லாம் வைக்கவில்லை, தெக்கத்தி மீனு என்றார்.

இத்தனைக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. ஈரானுக்குப் போக முடியாது, நம் கடல்காரர்களையாவது கேட்போம் என்று நாகப்பட்டினம் போனேன். சித்திரை ஒன்று முடிந்த கையோடு போனால் புத்தாண்டுச் சடங்கு ஏதாவது மிச்சம் இருக்கும் என்று என் நினைப்பு. அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கடல் முழுக்க விடுமுறை என்று குதூகலமாகக் குறிப்பெடுத்தேன். படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார், "பேப்பர் படிக்கமாட்டீங்களாண்ணே?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம் பெருகுகிற காலம் என்று அரசாங்கம் போட்டது. 2001இல் தொடங்கியபோது 45 நாள், 2017இலிருந்து 61 நாள். சலக் கிராமத்துக்காரர்கள் ஒருநாள் சும்மா இருப்பதைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தவனுக்கு, தன் மாநிலத்துக் கடல் இரண்டு மாதம் சும்மா இருப்பது வருஷா வருஷம் பேப்பரில் வந்தும் கண்ணில் படவில்லை. அப்போது ஒரு பைபர் படகு கரைக்கு வந்து மீனை இறக்கியது. "தடைன்னீங்களே?" என்றேன், குற்றம் கண்டுபிடித்த குரலில். நாட்டுப்படகுக்கும் பைபருக்கும் தடை கிடையாது என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"உங்களுக்குப் புத்தாண்டு எப்ப?" என்று கேட்டேன். கேட்கும்போதே அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது, ஆனால் அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு யோசித்தார்.

"ஜூன் பதினாலு ராத்திரி பன்னெண்டு மணிண்ணே."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அதற்குள் வலை முழுக்கப் பார்த்துத் தைத்தாக வேண்டும். அடிப்பலகை, என்ஜின், பெயின்ட், கயிறு எல்லாம் முடிய வேண்டும். வட்டிக்கு வாங்கியாவது முடிப்பார்கள். கடைசி இரண்டு நாளில் ஐஸ், டீசல், தண்ணீர், அரிசி, மளிகை ஏற்றுவார்கள். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து நிற்க, தடை முடிந்ததும் படகுகள் வரிசையாக முகத்துவாரத்தைத் தாண்டும். முதல் பாடு எப்படி விழுகிறதோ அதை வைத்து வருஷம் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். இதற்கு நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? எத்தனையோ இருந்தது. நான் கேட்டது, "கச்சான் காற்று இந்தப் பக்கமிருந்துதானே வரும்?" கையை நல்ல நம்பிக்கையோடு கடலைப் பார்த்து நீட்டியிருந்தேன். "அண்ணே, அது கொண்டலு. கச்சான் உங்க ஊரு பக்கமிருந்து வர்றது" என்றார். கை என்னுடையதுதான், எப்படி மடக்குவது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அந்த அசட்டைத் துடைப்பதற்காகப் படகில் ஏறிப் பார்க்கலாமா என்றேன். ஏற்றிவிட்டார். முன்னும் பின்னும் கயிறு போட்டுக் கட்டிய படகு. நகரவே நகராது. உள்ளங்கை அளவு அசைந்தது, அவ்வளவுதான். அதற்கே வெண்ணந்தூரில் சாப்பிட்ட இட்டிலி தொண்டைக்கு வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். ராசிபுரம் பக்கம், திருச்செங்கோடு தெரியுமா, அதற்குப் பக்கம் என்றேன்.

"தெரியாதா பின்ன? போர் போடுற ரிக் வண்டி எல்லாத்துலயும் அதானே எழுதியிருக்கும். அந்தப் பயலுவதான் எங்கள மாதிரி. போனா எப்ப வருவான்னு வீட்டுக்கே தெரியாது."

எங்கள் அடுத்த தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். சின்ன வயசிலேயே ரிக் வண்டியில் ஏறியவன். மத்தியப்பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் என்று சுற்றுகிறவன், இந்தி சரளமாகப் பேசுவான். என்னை மாமா என்பான். ஆடியில் ஊருக்கு வந்திருந்தபோது பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கே சந்தேகம், பொண்ணு ஏதாவது பார்த்திருக்கிறேனோ என்று.

வடக்கே மழை இறங்கிவிட்டால் வண்டி காட்டுக்குள் போகாதாம். அவ்வளவு எடையும் சேற்றில் மாட்டினால் இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். மழை வந்த பிறகு போர் போடுகிறவனும் குறைவு. அதனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆடிக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபடி கிளம்புவார்கள். இப்னு மாஜித்தின் மாலுமிகளைக் கரையில் உட்காரவைத்த அதே பருவக்காற்று இவனையும் ஊருக்கு அனுப்பிவைக்கிறது என்று எனக்குச் சொல்ல வாய் வந்தது. தேங்காய் வெடித்த ஞாபகத்தில் அடக்கிக்கொண்டேன்.

"கெளம்பி எத்தனை நாளாச்சுன்னு எப்படிக் கணக்கு வெச்சுக்குவ?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளுக் கணக்கு எதுக்குங் மாமா? அடிக் கணக்குதான். இந்த சீசன்ல எத்தனை பாயிண்டு, எத்தனை அடின்னு நோட்டுல இருக்கும். அடியப் பார்த்தா எப்ப ஊருக்கு அனுப்புவாங்கன்னு தெரிஞ்சிரும்."

இதை எழுதிக்கொண்டேன். எழுதுவதைப் பார்த்ததும் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டான். அப்புறம் யார் தடுக்க முடியும் என்னை? ஆலன் வில்லியர்ஸ் என்கிற ஆஸ்திரேலியர் 1938-39இல் ஒரு குவைத் பாய்மரக் கப்பலில் ஏறி ஆப்பிரிக்கக் கரை வரை போய்வந்து எழுதிய புத்தகத்திலிருந்து ஆரம்பித்து, லெஞ்ச், நைரூஸ், மூடிய கடல் எல்லாவற்றையும் கொட்டினேன். கதீமி நாள் நகர்கிற கணக்கையும் சொன்னேன், இந்த முறை சரியாக. அவன் ஃபோனைக்கூடப் பார்க்காமல் கேட்டான். டீக்கடையில் கிடைக்காத சபை அது.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டான்.

"அந்தக் கப்பக்காரங்களுக்கு அட்வான்ஸ் உண்டுங்களா மாமா?"

உண்டு என்றேன், பெருமையாக. சீசனுக்கு முன்னால் கப்பல்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள், திரும்பி வரும்போது பங்கில் கழித்துக்கொள்வார்கள், கழியாத கடன் அடுத்த சீசனுக்கு ஏறும், வில்லியர்ஸ் எழுதியிருக்கிறார் என்றேன்.

"சரீங். கடன் கழியாமயே வேற கப்பலுக்குப் போகணும்னா என்ன பண்ணுவாங்க? புது மொதலாளி பழைய மொதலாளிக்குக் கட்டிருவாரா, இல்ல விடவே மாட்டாங்களா?"

கேள்வி அவனுக்காகத்தான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முன்பண நோட்டு எழுதியே தலை நரைத்தவன் நான். எங்கள் பட்டறையில் என்ன நடக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் ஆயுத பூஜை முடிந்து கிளம்பிவிட்டான். புத்தகத்தில் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.